கடைப் பலகையில் இருக்கும் கடவுச்சொல்

மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி மண்டிகளுக்கு வியாபாரிகளும் லாரி ஓட்டுநர்களும் கூழ் ஆலைக்காரர்களும் நாள் முழுவதும் வந்து போவார்கள். வருகிறவர்களில் பலர் வைஃபை கேட்பார்கள். நான் பார்த்த ஒரு மண்டியில் கடவுச்சொல்லைக் கேட்கவே தேவையில்லை. வாசல் பலகையில் உரிமையாளர் பெயருக்குக் கீழே எழுதியிருந்த கைப்பேசி எண்தான் அது.

பலகையைக் கழற்றிவிட்டாலும் இந்தத் தவறு சரியாகிவிடாது. வைஃபையைக் கடவுச்சொல்லால் பூட்டும் பாதுகாப்பு முறைகளில் ஒன்றான டபிள்யூபிஏ2 முறையில் ஒரு கைப்பேசி ரவுட்டருடன் இணையும்போது இரண்டுக்கும் இடையே நான்கு செய்திகள் பரிமாறப்படுகின்றன. அருகில் வண்டியை நிறுத்தியிருக்கும் ஒருவர் அவற்றைப் பதிவுசெய்துகொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வோர் எண்ணாகக் கணினியில் பொருத்திப் பார்க்கலாம். ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. பத்து இலக்கத்தில் முதல் இலக்கம் 6 முதல் 9 வரைதான் என்பதால் மொத்தம் 400 கோடி எண்களே உள்ளன, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு அது சில மணி நேர வேலை. அதற்கு அடுத்த பதிப்பாக 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இவ்வாறு வீட்டுக்குக் கொண்டுபோய் ஊகிக்கும் வழியை அடைத்தது. ரவுட்டரில் அந்த வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால், 63 எழுத்து வரை இடமிருப்பதால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து வைக்கலாம்.

எஸ்எஸ்ஐடி எனப்படும் வைஃபையின் பெயரை மறைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. கருவிகள் இணையும்போது அந்தப் பெயர் காற்றில் வெளிப்படையாகவே செல்கிறது. அதைவிட வேடிக்கை, மறைத்த பெயரைத் தேடும்படி பழக்கப்பட்ட கைப்பேசி, ஓசூர் பேருந்து நிலையத்தில் நிற்கும்போதும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

கடவுச்சொல்லைத் தட்டாமல் ஒரு பொத்தானாலோ பின் எண்ணாலோ கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுவதே நல்லது. அதன் 8 இலக்கப் பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் அது பிடிபடும் என்பது 2011இலேயே வெளியானது.

வைஃபை கடவுச்சொல்லும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல்லும் ஒன்றல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. முன்னதைக் கவனமாக மாற்றிவிட்டு, பின்னதை நிறுவிய நாளிலிருந்த 'அட்மின்' என்ற சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். உள்ளே இணைந்த எவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் இடத்தைக் காட்டும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை மாற்றிவிட்டால், வங்கியின் பெயரைத் தட்டுகிறவரைப் போலித் தளத்துக்குத் திருப்ப முடியும்.

மண்டி போன்ற இடத்தில் வருகிறவர்களுக்கு இல்லையென்று சொல்ல முடியாதுதான். பில் போடும் கணினியையும் சிசிடிவி பெட்டியையும் முதன்மை வைஃபையில் வைத்துக்கொண்டு, விருந்தினர் வைஃபையைத் தனியாகத் திறந்து, உள் கருவிகளை அது எட்டாதபடி அமைக்க வேண்டும். அதன் கடவுச்சொல்லைப் பலகையிலேயே எழுதி வைக்கலாம்; பருவம் முடிந்ததும் மாற்றிவிட்டால் போதும்.