சிம்ஸில் புது பேக் போடும்போது செய்யக் கூடாதவை

சிம்கள் என்ற மனிதர்களை உருவாக்கி அவர்களுடைய வாழ்க்கையை நடத்தும் கணினி விளையாட்டு சிம்ஸ். அதில் சிம்ஸ் 4 அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபரிலிருந்து இலவசம். புதிதாக வருகிறவர்கள் அதையே இன்னும் சரியாக விளையாடிப் பார்த்திருக்க மாட்டார்கள், அதற்குள் தள்ளுபடி வந்துவிட்டது என்று ஏழெட்டு எக்ஸ்பான்ஷனை, அதாவது விளையாட்டோடு சேர்க்கும் பெரிய கூடுதல் பேக்குகளை, மொத்தமாக வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். போட்ட அன்றிலிருந்து சிம்முடைய போன் ஓயாது, யார் யாரோ வந்து கதவைத் தட்டுவார்கள், திடீரென்று பண்டிகை என்பார்கள், எது எந்தப் பேக்கால் வருகிறது என்றே புரியாது. புரியாததை நிறுத்தவும் முடியாது. ஒரு பேக் போடுங்கள், ஒரு குடும்பத்தை வைத்து அதை நன்றாக விளையாடுங்கள், அப்புறம் அடுத்தது. இதுதான் என் கட்சி.

எதை முதலில் வாங்குவது? டிரெய்லரில் காட்டும் புது ஊரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். என் சிம் வேறு ஊரில் குடியிருந்தால் இந்தப் பேக் அங்கே ஏதாவது செய்யுமா என்று மட்டும் கேளுங்கள். சீசன்ஸ் செய்யும், எந்த ஊரானாலும் வானிலை மாறும். பேரண்ட்ஹுட் 2017இல் வந்த சின்ன கேம் பேக், அதில் புது ஊரே கிடையாது, ஆனால் பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டிலும் அது தினமும் வேலை செய்கிறது: பொறுப்பு, பரிவு, கோபத்தை அடக்குவது என்று குழந்தையின் குணம் கொஞ்சம் கொஞ்சமாக உருவாவதைப் பார்க்கலாம். சிம்ஸ் 3இல் வந்த ஜெனரேஷன்ஸும் அப்படித்தான், ஊர் இல்லை, வாழ்க்கை நிறைய இருக்கிறது. ஜங்கிள் அட்வென்ச்சர் மாதிரி பயணப் பேக்குகள் போன இடத்தில் அருமையாக இருக்கும், ஆனால் சிம் வீடு திரும்பிய பிறகு அவற்றின் பங்கு குறைவு. இலவசமாகவே கிடைக்கும் ஒன்றுக்காகப் பேக் வாங்குகிறவர்களும் உண்டு. நீச்சல் குளம் 2014இலும், தத்தித் தத்தி நடக்கும் குழந்தைகள் 2017இலும், கைக்குழந்தைகள் 2023இலும் எல்லோருக்கும் இலவச அப்டேட்டாகவே வந்தன. கைக்குழந்தை வேண்டும் என்பதற்காக மட்டும் குரோயிங் டுகெதர் என்ற பேக்கை வாங்கத் தேவையில்லை.

பேக் போட்டதும் ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. சீசன்ஸில் ஒரு பருவத்தின் நீளத்தை 7, 14, 28 நாள் என்று மாற்றலாம். 28 என்று வைத்தால் ஒரு வருடம் 112 நாள், அதோடு சிம்களின் ஆயுளை நார்மலில் விட்டால் ஒரு குழந்தை பனியைப் பார்க்காமலேயே வளர்ந்துவிடலாம். இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். சுற்றுச்சூழலைப் பற்றிய ஈக்கோ லைஃப்ஸ்டைல் பேக் இன்னும் மோசம். அக்கம்பக்கத்தார் ஓட்டுப் போட்டுத் திட்டங்களை நிறைவேற்றுவார்கள், அதில் அடிதடியை ஊக்குவிக்கும் திட்டம்கூட உண்டு. கவனிக்காவிட்டால் தெருவில் எல்லோரும் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று தெரியாமல் விழிப்பீர்கள். பேக்கையே தூக்க வேண்டாம், ஆப்ஷன்ஸில் ஒரு டிக்கை எடுத்தால் போதும்.

இனி சேவ். பல தலைமுறையாக வளர்த்த குடும்பத்தில் நேராகப் புது பேக்கைத் திறந்து, அதே பெயரில் சேவ் செய்யாதீர்கள், தயவுசெய்து. விளையாட்டே முந்தைய சில சேவ்களை வைத்திருக்கும், ரிகவர் என்று கொடுத்து மீட்கலாம் என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் சேவ் செய்யச் செய்யப் பழையது வெளியே போய்க்கொண்டே இருக்கும். டாக்குமெண்ட்ஸுக்குள் இருக்கும் சேவ்ஸ் ஃபோல்டரை வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வந்த நாளிலேயே பேக்கைப் போடுகிற அவசரமும் வேண்டாம். 2022இல் மை வெடிங் ஸ்டோரிஸ் என்ற கல்யாணப் பேக் வெளியானபோது கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகள் சொன்ன இடத்தில் உட்காரவே மாட்டேன் என்றார்கள், பேட்ச், அதாவது பிழை திருத்தும் அப்டேட், வந்து சரியாகச் சில காலம் ஆனது.

மாட், அதாவது ரசிகர்கள் செய்து தரும் மாற்றங்கள், போடுகிறவர்களுக்கு ஒரு பேட்ச் வந்தாலே விளையாட்டு எல்லா மாட்களையும் அணைத்துவிடும். எரிச்சலில் உடனே திரும்ப ஆன் செய்துவிட்டு, பட்டன்கள் காணோம், சிம்கள் அசையவில்லை என்று புதுப் பேக்கைத் திட்டுகிறார்கள். மாட் செய்தவர் அப்டேட் கொடுத்துவிட்டாரா என்று பார்க்கும்வரை அணைத்தே வையுங்கள். ஸ்கிரிப்ட் மாட்களை, அதாவது நிரல் கொண்ட மாட்களை, மாட்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு அடுக்குக்கு மேல் ஆழத்தில் போட்டால் வேலை செய்யாது, இதைத் தெரியாமல் தலையை உடைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. எந்த மாட் கெடுக்கிறது என்று தெரியாவிட்டால் பாதியை வெளியே எடுங்கள், பிரச்சினை போகவில்லையா, மீதியில் பாதியை எடுங்கள், இப்படியே போனால் நூறு மாட் இருந்தாலும் ஏழெட்டுத் தடவையில் ஆள் அகப்பட்டுவிடும்.

மதர்லோட் சீட், அதாவது சிம்முக்குச் சும்மா பணம் தரும் குறுக்குவழி, போடுவது தப்பே இல்லை, வீடு கட்டத்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் வேலைக்குப் போகும் பேக் ஒன்றை வாங்கி, 20,000 சிமோலியனோடு (சிம்களின் பணம்) தொடங்கும் சிம்முக்கு முதல் நாளே 50,000 கொடுத்தால், வேலைக்குப் போக அவனுக்கு என்ன அவசரம்?

பழைய பாகங்களுக்கு வேறு கணக்கு. விண்டோஸில் சிம்ஸ் 3 ஒரு 32 பிட் விளையாட்டு, கணினியில் 16 ஜிபி ராம் இருந்தாலும் அதனால் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது, அதனால் பதினொரு எக்ஸ்பான்ஷனையும் ஏற்றிவிட்டு கிராஃபிக்ஸ் கார்டைக் குறை சொல்ல வேண்டாம். சிம்ஸ் 2இல் கவனிக்க வேண்டியது கல்லறைகள். இறந்த சிம்மின் கல்லறைக் கல்லை அழித்தால் அந்த ஆளின் பதிவு அரைகுறையாகிவிடும், ஆனால் அவரை நினைவில் வைத்திருக்கும் மற்ற சிம்கள் அங்கேயேதான் இருப்பார்கள், ஊரின் கோப்பு மெல்ல மெல்லக் கெடும், வெளியே ரொம்ப நாள் ஒன்றும் தெரியாது. வீட்டில் கல்லறை வேண்டாம் என்றால் அதை ஒரு கம்யூனிட்டி லாட்டில், அதாவது ஊரின் பொது இடத்தில், இருக்கும் இடுகாட்டுக்கு முறைப்படி மாற்றுங்கள், விற்கவோ அழிக்கவோ செய்யாதீர்கள்.