மலைப்பல்லி தேடிப் போறவை விடுற பிழையள்

லீவு எண்டு வந்தா யாழ்ப்பாணத்தில இருந்து வான் பிடிச்சு நுவரெலியா, நக்கிள்ஸ், சிவனொளிபாத மலை எண்டு போற சனம் இப்ப கூடீட்டு, அதோட "மலையில மட்டும் இருக்கிற அரிய பல்லி" எண்டு குரூப்பில வாற போட்டோவும் கூடீட்டு. நல்ல விசயம்தான். ஆனா கனக்க போட்டோ கண்டியிலயோ மாத்தளையிலயோ தங்கின விடுதிச் சுவரில நிண்ட சாதாரண வீட்டுப்பல்லி, எங்கட குசினி ரியூப் லைட்டுக்குக் கீழ பூச்சி பிடிக்கிற அதே ஆள்.

நான் சொல்லுற மலைப்பல்லி க்னெமாஸ்பிஸ் எண்ட பேரினத்தைச் சேர்ந்தது. மூக்கு நுனியில இருந்து வால் தொடங்கிற இடம் வரைக்கும் அளந்தா கனக்க இனங்கள் 3, 4 சென்ரிமீற்றர்தான் வரும். வீட்டுப்பல்லியில இருந்து பிரிச்சறிய ரெண்டு இடத்தைப் பாத்தாக் காணும், கண்ணும் விரலும். வீட்டுப்பல்லியின்ர கண்மணி வெளிச்சத்தில நேர்கோடு மாதிரி ஒடுங்கும், இதுக்கு வட்டமாவே இருக்கும். வீட்டுப்பல்லிக்கு விரலுக்குக் கீழ மடிப்பு மடிப்பா அகலமான பட்டை இருக்கு, அதாலதான் கண்ணாடியிலயும் ஏறுது. மலைப்பல்லிக்கு அந்தப் பட்டையே இல்லை, மெலிஞ்சு வளைஞ்ச விரலும் நகமும்தான், சொரசொரத்த பாறையையும் மரப்பட்டையையும் அதாலதான் பிடிச்சுக்கொண்டு நிக்குது. அதால வழுவழு சுவரில நிக்கிறதைக் கண்டா முதல்லயே சந்தேகப்படுங்கோ.

அடுத்த பிழை, இரவில டோர்ச்சோட போறது. பல்லி எண்டா இரவுச் சாமான் எண்டு எங்களுக்குப் பழகீட்டு, ஆனா இது பகலில நடமாடுற ஆள், இரவில பாறை வெடிப்புக்குள்ள அடங்கி இருக்கும். அதுக்காக மத்தியான வெயில் கொளுத்திற வெறும் பாறையில போய்த் தேடினாலும் ஒண்டும் கிடையாது, ஏனெண்டா அதுக்குப் பகலும் வேணும் நிழலும் வேணும் ஈரமும் வேணும். காட்டுக்குள்ள பெரிய கருங்கல், குகை வாசல், சரிஞ்ச பாறையின்ர அடிப்பக்கம், அங்க கொஞ்ச நேரம் அசையாமல் நிண்டு பாத்தா பாசி பிடிச்ச திட்டு எண்டு நினைச்ச ஒண்டு தலைகீழா ரெண்டு இஞ்சி நகரும். சில நேரம் அதுக்குப் பக்கத்தில வெடிப்புக்குள்ள மணி மணியா வெள்ளை முட்டையள் ஒட்டினபடி இருக்கும். வழக்கமா ஒரு தரத்தில ரெண்டு முட்டை, ஆனா கன பெட்டைப் பல்லியள் ஒரே வெடிப்பையே பாவிக்கிறதால கூட்டமாவும் இருக்கும், கோதுகள் பழசும் புதுசுமாக் கலந்து கிடக்கும்.

"பகலில கண்டனான், அப்ப இது மலைப்பல்லிதானே" எண்டு நல்லூரில இருந்து போட்டோ போடுறவையும் இருக்கினம். இல்லை. வீட்டுப்பல்லியும் பகலில வெளிய வரும். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல்லுத் தரை, குன்று எண்டு சொல்ல ஒண்டும் இல்லை, இந்த ஆள் கேக்கிற குளிர்ந்த கருங்கல் காடும் இஞ்ச இல்லை.

மற்றப் பக்கமா, மலைப்பல்லி எண்ட உடன 2000 மீற்றருக்கு மேல ஓட்டன் சமவெளியிலதான் தேடோணும் எண்டு நினைக்கிறதும் பிழை. சில நூறு மீற்றர் உயரக் குன்றுகளிலயும் மழைக்காட்டு அடிவாரங்களிலயும் கன இனங்கள் இருக்கு. ஓட்டன் சமவெளியில கனபேர் பல்லி எண்டு படம் எடுக்கிறது மூக்கில கொம்பு வைச்ச ஓணானை. அது கண்ணை மூடித் திறக்கும், பல்லிக்கு மூடித் திறக்கிற இமையே கிடையாது, நாக்காலதான் கண்ணைத் துடைக்கும்.

இப்ப எனக்கு உண்மையாவே எரிச்சல் வாற பிழைக்கு வாறன். இடம் எழுதாமல் படம் போடுறது, இல்லாட்டி "மலைநாடு" எண்டு மட்டும் எழுதுறது. இந்தப் பல்லியளுக்கு இடம்தான் அடையாளத்தில பாதி. முந்தி மலைநாட்டில கண்டதை எல்லாம் கெலார்ட் எண்ட இயற்கை ஆய்வாளர் 1852 இல பேர் வைச்ச க்னெமாஸ்பிஸ் கண்டியானா எண்டே சொல்லி வந்தவை, பேந்து ஆய்வாளர்கள் வடிவாப் பிரிச்சுப் பாக்க 2007 இல ஒரே வருசத்தில கன புது இனங்கள் வந்திது, இப்ப இலங்கையில மட்டும் 40 ஐத் தாண்டீட்டு. அதால பழைய புத்தகத்தில இருக்கிற பரம்பல் வரைபடத்தைப் பாத்து "இந்த மலையில இதுதான் இருக்கும்" எண்டு எழுதுறதும் பிழைச்சுப் போகும்.

ஏன் இவ்வளவு இனம்? குளிர்ச்சியும் ஈரமும் உள்ள உயரத்தை விட்டு இறங்கி, கீழ இருக்கிற வறண்ட சமவெளியைக் கடந்து அடுத்த குன்றுக்குப் போக இதால ஏலாது. கடலுக்கு நடுவில நிக்கிற தீவு மாதிரித்தான் ஒவ்வொரு குன்றும், நெடுந்தீவு ஆள் வள்ளம் ஏறி வருவார், இது வராது. ஒவ்வொரு குன்றிலயும் நீண்ட காலம் தனியா இருந்து இருந்து வேற வேற இனமா மாறீட்டு. ரிட்டிகலையைப் பாருங்கோ, 766 மீற்றர்தான், நாங்கள் ஏ9 ஆல கண்டிக்குப் போகேக்க மரதன்கடவலையில கிழக்கால திரும்பினாப் போற இடம், அனுமார் கொண்டுவந்த சஞ்சீவி மலையின்ர துண்டு எண்டு கதை சொல்லுற அதே மலை. சுத்திவர உலர்வலயம், உச்சியில மட்டும் முகிலும் ஈரமும். அந்த மலையின்ர பேரையே வைச்சு 2007 இல க்னெமாஸ்பிஸ் ரெட்டிகலென்சிஸ் எண்டு ஒரு இனத்தை விவரிச்சினம். சிவனொளிபாத மலைப் பக்கத்துக்குச் சமனலென்சிஸ் எண்டு வேற ஒண்டு, அதுவும் அதே வருசம்தான்.

நிறத்தை வைச்சு இனம் சொல்லுறதையும் விடுங்கோ. ஒரே பல்லி நிழலில கறுப்பாவும் வெளிச்சத்தில மண்ணிறமாவும் தெரியும். ஆய்வாளர்கள் பாக்கிறது வயித்துச் செதில் வழுவழுப்பா இல்லை நடுவில வரம்பு ஓடுதா, ஆண் பல்லிக்குத் துடைக்குக் கீழ துளைகள் எத்தினை எண்ட மாதிரி விசயங்களை, அது மேல இருந்து எடுத்த போன் படத்தில தெரியவே தெரியாது. அதால "க்னெமாஸ்பிஸ், இனம் தெரியாது" எண்டு போடுறதில ஒரு வெக்கமும் இல்லை. தேதி, நேரம், எந்த மலை, எத்தினை மீற்றர் உயரம், பாறையா மரமா, இதுகளை எழுதுங்கோ. அரிய இனம் மாதிரித் தெரிஞ்சா சரியான ஜிபிஎஸ் புள்ளியைப் பொதுவில போடாதேங்கோ, வெளிநாட்டு வளர்ப்புச் சந்தைக்குப் பல்லி பிடிக்கிற ஆக்களும் போஸ்ட் பாக்கினம்.

பிடிக்கவும் வேண்டாம். வாலைக் கழட்டிப் போட்டிட்டு ஓடும், அதில சேர்த்து வைச்ச கொழுப்பும் போகும். முட்டை இருக்கிற வெடிப்புக்குள்ள தடி விடுறது, பாறைத் துண்டைப் புரட்டிப் படம் எடுத்திட்டு அப்பிடியே விட்டிட்டு வாறது, ரெண்டும் ஒரே நாசம். போத்தலுக்குள்ள போட்டுக் கொண்டு வாற பெடியளுக்குச் சொல்லுறன், வவுனியா தாண்ட முதலே வான் சூட்டில அது செத்துப் போகும், பிடிபட்டா வனசீவராசிகள் சட்டத்தில வழக்கும் வரும். விசம் எண்டு பயந்து அடிக்கிறதும் தேவையில்லை, இதுக்கு விசமே இல்லை, தொட்டிட்டாச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கோ, சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், அவ்வளவுதான்.

ரிட்டிகலைக்குப் போறதெண்டா பழைய மடாலய இடிபாடுகள் இருக்கிற பகுதிக்கு ரிக்கெற் எடுத்துப் போகலாம். அதுக்கு மேல உள்ள காடு இறுக்கமான இயற்கை ஒதுக்கம், அனுமதி எடுத்த ஆய்வாளர்கள் மட்டும்தான் ஏறலாம், "சும்மா ஒருக்காப் பாத்திட்டு வாறம்" எண்டு அங்க கேக்காதேங்கோ.