மர நிழலில் திப்பிலி: எந்த ஊர் ரகம் உங்களுக்குச் சரிப்படும்?

எந்தத் திப்பிலி நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு ஊரைச் சொல்வார்கள். கொல்லிமலை மாதிரி சில்வர் ஓக், பலா நிழலுள்ள தோட்டமென்றால் சில ஊர் ரகங்களை அங்கேயே பக்கத்தில் பக்கத்தில் நட்டு, எது நன்றாகக் காய்க்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

1. ரகங்கள்: கொல்லிமலை நாட்டு ரகம், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘விஸ்வம்’ இரண்டும் போதும். விசாகப்பட்டின மலைப்பகுதியில் திப்பிலியை வேருக்காக வளர்க்கிறார்கள். அந்த வேரை (மருந்துக் கடையில் ‘திப்பிலி மூலம்’) விற்க நினைப்பவர்கள் அந்த ஊர்க் கொடியையும் சேர்க்கலாம். சிரபுஞ்சிப் பக்கத்துத் திப்பிலி பெரும்பாலும் வேறு இனம், இந்தக் கணக்கில் வேண்டாம்.

2. தாய்க்கொடி: இங்கேதான் ஒப்பீடே கெட்டுப்போகும். திப்பிலியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. விலை போவது பெண் கொடியின் கதிர்தான். அது குட்டையாக, தடித்து இருக்கும். ஆண் கதிர் நீண்டு மெலிந்திருக்கும். கதிர் இல்லாத சமயத்தில் இலையைப் பார்த்துச் சொல்வதெல்லாம் நம்பகமில்லை. ஒரு ஊர்க் கொடியில் பாதி ஆணாக வந்துவிட்டால் ‘அந்த ஊர் ரகம் காய்க்காது’ என்று முடிவு கட்டிவிடுவோம். அதனால் கதிர் விட்டிருக்கும்போதே பெண் கொடியில் அடையாளம் கட்டி, அதிலிருந்து மட்டும் 3 முதல் 5 கணு உள்ள துண்டுகளை எடுங்கள். அடையாளத்துக்குக் குளிர்பான டின்னை வெட்டி ஆணியால் கீறி எழுதுவதுதான் என் வழக்கம். மார்க்கர் பேனா ஒரு மழைக்குத் தாங்காது.

3. நடவு: பையில் வேர்விட்ட கன்றுகளை மழை பிடித்ததும் 60 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். 25 முதல் 50 சதவீத நிழல் போதும். ஒரு ரகத்தைப் பலாவடியிலும் இன்னொன்றை சில்வர் ஓக்கடியிலும் வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது மரங்களைத்தான். ஒவ்வொரு மரத்தடியிலும் எல்லா ரகமும் இருக்கட்டும். கிளை கழிப்பதானால் ஒரே நாளில் எல்லா மரத்துக்கும் கழித்துவிடுங்கள்.

4. அறுவடை: கதிர் வந்து சுமார் 2 மாதத்தில், பழுக்குமுன், கரும்பச்சையாக இருக்கும்போது பறித்துக் காயவையுங்கள். 10 கிலோ பச்சைக் கதிர் காய்ந்தால் ஏறக்குறைய 1.5 கிலோதான் தேறும். அதனால் காய்ந்த எடையைத்தான் குறிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: வரிசைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். கொடி தரையில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும், அப்புறம் எது எதுவென்றே தெரியாது. ரகங்களுக்கு நடுவே ஆள் நடக்கிற அளவு இடம் விட்டு, தாண்டி வரும் கொடியை கவாத்துக் கத்தரியால் அவ்வப்போது நறுக்கிவிடுங்கள்.