படர்தாமரை போன கதை, என் அனுபவம்

மே மாச சென்னை வெயில்ல ஜீன்ஸ் போட்டு பைக்ல வேலைக்கு அலையுறவங்களுக்கு இடுப்பு, தொடை இடுக்குல அரிப்பு வந்தா முதல்ல படர்தாமரையான்னு பாருங்க, அது தோல்ல வர்ற பூஞ்சைத் தொற்று. எனக்கு வட்டமா, ஓரம் மட்டும் செவந்து தடிச்சு பொறுபொறுன்னு, நடுவுல தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. மெடிக்கல் ஷாப்ல குடுத்த க்ரீம் போட்டதும் அரிப்பு டக்குனு நின்னுச்சு, நிறுத்தினதும் ரெண்டு மடங்கா படர்ந்துச்சு, ஏன்னா அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு, அது அரிப்பை அமுக்கும், பூஞ்சையை வளரவிடும். ட்யூப்ல குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன்னு ஸ்டீராய்டு பேர் இருந்தா தயவுசெஞ்சு நீங்களா வாங்கிப் போடாதீங்க.

தோல் டாக்டர் லேசா சுரண்டி மைக்ரோஸ்கோப்ல பாத்து உறுதி பண்ணிட்டு, பூஞ்சைக்கான இட்ராகோனசோல் மாத்திரையும் லூலிகோனசோல் க்ரீமும் எழுதினாங்க. க்ரீமை வட்டத்துக்கு வெளிய 2 செ.மீ. வரைக்கும் தடவணும், தோல் சரியான பிறகும் அவங்க சொல்ற வரைக்கும் விடக்கூடாது, பாதில விட்டாதான் திரும்ப வருது. மாத்திரை எல்லாருக்கும் ஒத்துக்காது, லிவர், இதயப் பிரச்சினை இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

துண்டு தனி, ஜட்டி சுடுதண்ணில அலசி வெயில்ல காயப்போட்டு அயர்ன் பண்ணி, குளிச்சதும் இடுக்கை நல்லா துடைச்சுதான் ட்ரெஸ், வீட்ல யார் யாருக்கு இருக்கோ அவங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல வைத்தியம். செலவு யோசிக்கிறவங்க சென்னை ஜிஎச், ஸ்டான்லி மாதிரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, தோல் ஓபி இருக்கு, காலைலயே போயிடுங்க.