பெங்களூரில் வாடகைக் கார்: கிரெடிட் கார்டு காப்பீட்டை நம்பி வருவோருக்கு

பெங்களூரில் இறங்கி, ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு ஓசூர் வழியாகச் சேலம், கோவை என்று சுற்றிவர நினைக்கும் அமெரிக்க, கனடியத் தமிழர்களில் பலர், கையிலுள்ள கிரெடிட் கார்டே காருக்குக் காப்பீடு தந்துவிடும் என்ற தெம்பில் வருகிறார்கள். பல கார்டுகள் தருவது உண்மைதான். ஆனால் அந்தக் காப்பீடு வாடகைக் காருக்கு நேரும் சேதத்தையும் திருட்டையும் மட்டுமே பார்க்கும். எதிரே வந்தவருக்குக் காயம் பட்டாலோ அவருடைய வண்டி நொறுங்கினாலோ அதிலிருந்து ஒரு காசும் வராது. அதற்கு, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டிக்கு இருந்தே தீரவேண்டிய மூன்றாம் தரப்புக் காப்பீடுதான் துணை. அது காலாவதியாகவில்லையா என்று சாவியை வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

நம்மவர் விஷயத்தில் இந்தக் காப்பீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் உறவினரின் அன்பே. அழைத்துப்போக வந்த மைத்துனர், "அத்தான், நீங்க சும்மா இருங்க" என்று சொல்லித் தம் போனிலேயே யுபிஐ வழியாக வாடகையைக் கட்டிவிடுவார். முழு வாடகையும் உங்கள் கார்டில் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான முதல் நிபந்தனை என்பதால், காப்பீடு அங்கேயே போயிற்று. அடுத்து அவரே ஸ்டியரிங்கைப் பிடிப்பார். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் இழப்பீடு கேட்க முடியாது. தெரிந்தவரின் வெள்ளை போர்டு காரை, அதாவது வெள்ளை நம்பர் பிளேட் உள்ள சொந்த உபயோகக் காரை, மலிவாகப் பேசி முடிப்பதும் உண்டு. நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வாடகை நிறுவனம் அல்லாத தனியாரின் காரைக் கார்டு விதிகள் பொதுவாக ஏற்பதில்லை.

புறப்படுமுன் கார்டின் பின்புறத்திலுள்ள எண்ணை அழைத்து, இந்தியா அடக்கமா, எத்தனை நாள் வரை என்று கேளுங்கள். பல விசா கார்டுகளில் வெளிநாட்டு வாடகைக்கு 31 நாளே வரம்பு. ஆறு வார விடுமுறைக்கு ஒரே ஒப்பந்தம் போடுவோர் இதில்தான் மாட்டுகிறார்கள். வாடகை நிறுவனம் தனியாக விற்கும் சேதப் பாதுகாப்பை வாங்கக்கூடாது என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும்போதே எடுத்து வாருங்கள்.

சென்ற முறை சில்க் போர்டு சிக்னலில் ஓர் ஆட்டோ உரசி, எங்கள் காரின் இடப்பக்கக் கதவு நசுங்கியது. வாடகைக்கு விட்டவர்கள் அரைத்தாளில் "டிங்கரிங், பெயிண்டிங்" என்று எழுதி, கீழே ஒரே தொகையைப் போட்டு நீட்டினார்கள். அதைக் கட்டிவிட்டு ஊர் திரும்பினால், காப்பீட்டுக்காரர்களுக்கு அந்தத் தாள் போதவில்லை. பாகம் வாரியான, ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய பில்லுக்காக மூன்று வாரம் மின்னஞ்சலில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. முதலில் நம் பணத்தைக் கட்டி, பிறகே திரும்பப் பெறுகிறோம் என்பதால், தாள் சரியில்லையென்றால் நட்டம் நமக்குத்தான். ஆகவே ஒப்பந்தம், பழுதுபார்ப்பு மதிப்பீடு, இறுதி பில், போலீசில் கொடுத்த புகாரின் ரசீது, கார்டு கணக்கு அறிக்கை ஆகியவற்றை இந்தியாவில் இருக்கும்போதே சேர்த்துக்கொண்டு, பல கார்டுகள் வைத்திருக்கும் 45 நாள் கெடுவுக்குள் தகவல் சொல்லிவிடுங்கள். காரை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும் படம் எடுத்து, வண்டியைத் திரும்பப் பெறும் பையனிடம் "சேதம் இல்லை" என்று கையெழுத்து வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.