"சார் எப்பம்மா வருவார்?" – பெண்களின் வேலையைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சின்ன ஊரில் வங்கிக் கிளை மேலாளராக இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதையும் பெயர்ப்பலகையையும் பார்த்துவிட்டு, "சார் எப்பம்மா வருவார்?" என்று கேட்பார்கள். போன ஆடி மாசம் நகையைத் திருப்ப வந்த ஒரு பெரியவரும் அப்படித்தான் கேட்டார். "நான்தாங்க ஐயா மேனேஜர், சொல்லுங்க" என்றேன். தலையாட்டினார், உட்கார்ந்தார். ஆனால் வட்டி எவ்வளவு ஆகியிருக்கிறது, திரும்ப வைத்தால் கிராமுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அடுத்துக் கேட்டதையெல்லாம் பக்கத்தில் தராசோடு நின்றிருந்த நகை மதிப்பீட்டாளரைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது நான். அடுத்த கேள்வியும் அந்தப் பக்கமே போனது. பத்து நிமிஷமும் இப்படியே. எழுந்து போகும்போது "நல்லா இரும்மா" என்று மனசார வாழ்த்திவிட்டுத்தான் போனார்.

அந்த வாழ்த்தைத்தான் கவனிக்க வேண்டும். பெண்கள் பார்க்கும் வேலையைப் பற்றிய தப்பான நினைப்பு திட்டாக வந்தால் நாமே திருப்பிக் கேட்டுவிடுவோம். அது அக்கறையாக வருகிறது, பாராட்டாக வருகிறது, பாதி நேரம் வெறும் குசல விசாரிப்பாக வருகிறது. அதனால்தான் சொல்பவருக்கும் தெரிவதில்லை, கேட்பவருக்கும் என்ன பதில் சொல்வதென்று புரிவதில்லை.

முதல் தவறு நம் பேச்சின் விகுதியிலேயே இருக்கிறது. எழுத்துத் தமிழில் "அவர் வந்தார்" என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான மரியாதை. பேச்சில் அப்படி இல்லை. பெரும்பாலான ஊர்களில் "வருவாரு" என்றால் ஆண், "வருவாங்க" என்றால் பெண், அல்லது பலர். ஆகவே பார்த்தே இராத ஒருவரைப் பற்றி "டாக்டர் எப்ப வருவாரு?", "இன்ஜினியர் என்ன சொன்னாரு?", "புது தாசில்தார் எப்படி, கறாரானவரா?" என்று கேட்கும்போது அவர் ஆண் என்று நாம் முடிவு கட்டியாகிவிட்டது. அதே வாயில் "டீச்சர் வந்தாங்களா?", "நர்ஸ் ஊசி போட்டாங்களா?" என்று தானாக மாறிக்கொள்கிறது. இதற்கு வழி ரொம்ப சுலபம். ஆளைத் தெரியாதவரை "வருவாங்களா" என்றே கேட்கலாம், யாருக்கும் மரியாதை குறையாது.

இந்த விகுதிக் கதை பழசு. 1943ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்து முடித்த அ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படித்தவர். பட்டச் சான்றிதழில் "அவன்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். அதை அடித்துவிட்டு, பெண்ணுக்கான சொல்லை எழுதிக் கொடுத்தார்கள். பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின் வேலைகளிலும் அவருடைய பங்கு இருந்தது. அந்தத் தாளில் நடந்த திருத்தம் நம் நாக்கில் இன்னும் நடக்கவில்லை.

என் அப்பாவுக்கு மூட்டுவலி. ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண் மருத்துவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி விளக்கினார், மாத்திரை எழுதினார், மாடிப்படி ஏறும் முறையைக்கூடச் சொல்லிக்கொடுத்தார். எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தபோது அப்பா திரும்பி, "பெரிய டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்றார். "நான்தான் ஐயா பார்த்தேனே" என்று அந்தப் பெண் சொன்ன குரலில் கோபம் இல்லை, பழகிப்போன களைப்பு இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியது 1912ல். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெள்ளைக் கோட்டில் பெண் வந்தால் "சிஸ்டர்" என்று கூப்பிடுவதும், சிகிச்சை முடிந்தபிறகும் இன்னொரு ஆளை எதிர்பார்ப்பதும் இனியாவது நிற்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் "நீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், அவரே சொல்வார். ஆண் செவிலியரைப் பார்த்ததும் "டாக்டர்" என்று எழுந்து நிற்பதும் இதே தவறின் மறுபக்கம்தான்.

அடுத்தது, "பொண்ணுக்கு ஏத்த வேலை."

"டீச்சர் வேலைன்னா பொண்ணுக்கு நல்லது, நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துடலாம்." இந்த ஒரு வரியில் இரண்டு பேரைக் கீழே இறக்குகிறோம். அந்தப் பெண்ணுக்கு வேறு ஆசை இருக்கலாம் என்பதையே விட்டுவிடுகிறோம், ஆசிரியர் வேலையையும் ஓய்வு நேர வேலையாக்கிவிடுகிறோம். அரசுப் பள்ளி ஆசிரியை யாரையாவது கேட்டுப் பாருங்கள். விடைத்தாள் திருத்துவது, மாணவர் விவரங்களுக்கான அரசின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றுவது, தேர்தல் பணி, கணக்கெடுப்புப் பணி என்று அந்த நாலு மணி எங்கே போகிறதென்று கணக்குச் சொல்வார்.

இதே அக்கறை இரவுப் பணிக்கும் வருகிறது. "பொம்பளப் பிள்ளைக்கு நைட் ஷிப்ட் எதுக்கு?" 1948 தொழிற்சாலைகள் சட்டமே இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் ஆலையில் வேலை செய்யத் தடை போட்டிருந்தது. அந்தப் பிரிவு செல்லாது என்று 2000ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆனால் அந்தச் சட்டம் இருந்த காலம் முழுவதும் செவிலியர்கள் விடிய விடிய வார்டில் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். விடியும் முன்பே துடைப்பத்தோடு தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரையோ, கருக்கலில் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகும் பூக்காரம்மாவையோ யாரும் "இந்த நேரத்துல எதுக்கும்மா?" என்று தடுத்ததில்லை. நல்ல சம்பளமும் பதவி உயர்வும் உள்ள வேலை வரும்போது மட்டும் பாதுகாப்பு ஞாபகம் வருகிறது. உண்மையிலேயே பயம் என்றால், "கம்பெனி வண்டி வருதா, வழியில வெளிச்சம் இருக்கா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் அவருக்குப் பிரயோஜனம் உண்டு.

இப்போது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்தோம். கொத்தனார் இருவர், பெரியாள் ஒருவர், சித்தாள் இருவர். ஒருநாள் மத்தியானம், சாந்துச் சட்டியை இறக்கி வைத்த அக்கா ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்று, "அண்ணே, அந்த மூலை உள்ள வாங்குதே" என்றார். கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். விரல் பருமன் உள்ளே வாங்கியிருந்தது. மூன்று வரி செங்கல்லைப் பிரித்தார்கள். அந்த அக்கா இருபத்திரண்டு வருஷமாகச் சட்டி தூக்குகிறார். "நீங்களே கொத்து வேலை பார்க்கலாமேக்கா?" என்றேன். "பொம்பள கையில கரண்டியக் குடுத்து யாரு சுவர் எழுப்பச் சொல்லுவா?" என்று கேட்டுவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரோடு கையாளாகச் சேர்ந்த பையன்கள் எத்தனையோ பேர் கொத்தனாராகி, மேஸ்திரியாகி, சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறார்கள். அவர் மட்டும் சித்தாள். சிற்றாள், அதாவது சின்ன ஆள். ஆண் வந்தால் முதல் நாளே பெரியாள். கூலியும் அந்தப் பெயர் சொல்கிறபடிதான் இருக்கிறது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். "விவசாயி" என்றதும் நம் மனசில் துண்டு போட்ட ஆண்தான் வருகிறார். நாற்றுப் பறித்தது, நட்டது, களை எடுத்தது பெரும்பாலும் பெண்கள். பட்டா ஆண் பெயரில் இருப்பதால் பயிர்க்கடனுக்கு எங்கள் கிளைக்கு வருவதும் அவர்தான். வீட்டில் முப்பது வருஷம் சமைத்தால் அது வேலையே இல்லை, கல்யாண மண்டபத்தில் சமைத்தால் "மாஸ்டர்". ஒரு வேலைக்குக் காசும் பட்டமும் வரும்போது நம் கற்பனையில் அது ஆணுடையதாகிவிடுகிறது.

அதனாலேயே நான் அதிகம் பயப்படும் வாக்கியம் "சும்மா வீட்டுலதான் இருக்காங்க" என்பது. சுயஉதவிக்குழுவில் இருக்கும் ஒரு பெண் தனியாக முத்ரா கடன் கேட்டு வந்தார். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் "ஹவுஸ்வைஃப்", வருமானம் என்ற இடத்தில் ஒரு கோடு. எதற்குக் கடன் என்றேன். பெரிய கிரைண்டர் வாங்க என்றார். எதற்குக் கிரைண்டர் என்றால், மூன்று கிரைண்டரில் மாவு அரைத்து இரண்டு டிபன் கடைக்கும் தெருவில் உள்ள வீடுகளுக்கும் கொடுக்கிறார். காலையில் 3 மணிக்கு எழுந்திருக்கிறார். தினம் 40 கிலோ அரிசி, ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் கூட. "அப்புறம் ஏம்மா வேலை இல்லைன்னு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டேன். "ஃபாரம் எழுதினவர் 'வீட்டுலதானே இருக்கீங்க?'ன்னு கேட்டாருங்க. வீட்டுலதான் இருக்கேன், ஆமான்னேன்." ஒருத்தர் போகிறபோக்கில் கேட்ட கேள்வி அது. அந்தக் கோட்டைப் பார்த்து யாரும் பெரிய தொகை கொடுக்க மாட்டார்கள். அடித்துவிட்டு "மாவு அரைத்து விற்பனை" என்று எழுதி, வருமானத்தையும் கணக்குப் போட்டுப் போட்டோம்.

கடையோ வியாபாரமோ இல்லாமல் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவரும் சும்மா இல்லை. 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிஷம். அதுவும் அந்த வேலையில் கை வைக்கும் ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து உழைக்காதவர் பட்டியலில் வைத்ததை 2010ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2023ல் தமிழ்நாட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது அதற்கு "உரிமைத் தொகை" என்று பெயர் வைத்தார்கள், உதவித் தொகை என்று வைக்கவில்லை. அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் இருக்கும் பெண்ணிடம் "நீங்க சும்மாதானே?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "என்னென்ன பார்த்துக்கறீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் உங்களுக்கு ஒரு தொழிலைச் சொல்வார்கள்.

இன்னும் சில, சுருக்கமாக. "அவ சம்பளம் கைச்செலவுக்கு" என்று சொல்லும் வீடுகளின் வீட்டுக்கடன் விண்ணப்பத்தை நான் பார்த்திருக்கிறேன், மனைவியின் சம்பளச் சீட்டைச் சேர்க்காமல் அந்தத் தொகை வராது. நாட்டில் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள், அத்தனை பேரும் பொழுது போகவா போகிறார்கள்? விசேஷ வீட்டில் கணவரிடம் "கம்பெனி எப்படிப் போகுது?" என்றும், அதே கம்பெனியில் இருக்கும் மனைவியிடம் "பிள்ளைய யாரு பார்த்துக்கறா?" என்றும் கேட்பதை நிறுத்துங்கள். பிள்ளையைப் பற்றிக் கேட்கலாம், இருவரிடமும் கேளுங்கள். "வேலைக்குப் போற பொண்ணு" என்கிறோமே, "வேலைக்குப் போற ஆம்பள" என்று யாரையாவது சொல்கிறோமா? 2023ல் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்காக வெளியிட்ட கையேட்டில் இப்படிப்பட்ட அடைமொழிகளை எடுத்துவிட்டு "பெண்" என்று மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறது. "பொண்ணா இருந்தும் எவ்வளவு தைரியமா பஸ் ஓட்டுறாங்க" என்பதும் அப்படித்தான். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தது 1993ல். "நல்லா ஓட்டுறாங்க" என்பதே முழுப் பாராட்டு.

இத்தனையும் எழுதுகிற நானும் தப்பியதில்லை. கிளையில் யூபிஎஸ் பழுதாகி இரண்டு நாள் அவதி. சர்வீஸ் இன்ஜினியர் வந்துகொண்டிருப்பதாகத் தகவல். தோளில் கருவிப் பையோடு ஒரு பெண் உள்ளே வந்தார். நான் அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டே, "இன்ஜினியர் வண்டி நிறுத்திட்டு வர்றாரா?" என்று கேட்டுவிட்டேன். சொன்ன மறுநொடி அந்தப் பெரியவர் மதிப்பீட்டாளரைப் பார்த்துப் பேசியது நினைவுக்கு வந்தது. இந்த மாதிரி நேரத்தில் "நான் அப்படி நினைக்கல, ஆளப் பார்த்தா தெரியல" என்று விளக்கிக்கொண்டே போகாதீர்கள், கடைசியில் அந்தப் பெண்தான் நம்மைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். "மன்னிச்சுக்கோங்க, நீங்கதானா, தப்பாக் கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பற்றிப் பேசுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

"பரவால்ல மேடம், பேட்டரி எந்த ரூம்ல இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே பையைத் திறந்தார்.