குதிரைப் போர்வையின் பட்டைகளும் கொக்கிகளும்: காயம் வராமல் காப்பது எப்படி

இங்கிலாந்தின் லாயங்களில் அக்டோபர் பிறந்ததும் பரணில் கிடந்த குதிரைப் போர்வைகள் கீழே இறங்கிவிடும். மழை நீர் புகாத கனத்த துணியாலான அந்தப் போர்வையோடுதான் குதிரை பகலெல்லாம் மேய்கிறது, ஓடுகிறது, சேற்றில் புரள்கிறது, இரவில் படுத்து எழுகிறது. அத்தனை அசைவுக்கும் போர்வை நழுவாதிருக்க மார்பில் இரண்டு பட்டைகளும், வயிற்றின் கீழே குறுக்காகச் செல்லும் இரண்டு பட்டைகளும், பின்தொடைகளைச் சுற்றித் தொடைக்கொன்றாக இரண்டும், சிலவற்றில் வாலுக்கு அடியில் ஒரு கயிறும் வைத்துத் தைத்திருப்பார்கள். துணி உரசினால் பெரும்பாலும் தோளில் முடி உதிர்வதோடு போகும், கவனிக்காமல் விட்டால்தான் புண்ணாகும். காலுக்கும் கண்ணுக்கும் ஆபத்து வருவது பட்டையாலும் அதன் நுனியில் உள்ள கொக்கியாலும்தான். அங்கே பணிபுரிந்த குளிர்காலங்களில் நான் கற்றதை, உறைபனி விழும் நீலகிரியில் குதிரை வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

முதலில் வயிற்றுப் பட்டை. குதிரை படுக்கும்போது நான்கு கால்களையும் மடக்கி வயிற்றின் கீழே கொண்டுவருகிறது. இளங்குதிரையாக இருந்தால் நாய் சொறிவதுபோலப் பின்னங்காலைத் தூக்கிக் காதையும் கழுத்தையும் சொறிந்துகொள்ளும். பட்டை தொய்ந்து ஊஞ்சல்போலத் தொங்கினால் இந்த இரண்டு வேளையிலும் குளம்பு அதற்குள் புகுந்துவிடும். லாடம் அடித்த காலாக இருந்தால் லாடத்தின் பின்முனையில் பட்டை மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட குதிரை நின்று யோசிக்காது, ஓடித் தப்பிக்கப் பார்க்கும். நைலான் பட்டை எளிதில் அறாது. எலும்பு முறிவதும் தசை கிழிவதும் அந்தச் சில நொடிகளில் நடந்துவிடும். ஆகவே வயிற்றுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கை அகலம், அதாவது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இடைவெளி மட்டுமே இருக்க வேண்டும். இங்கிலாந்தில் குதிரையின் உயரத்தை அளக்கும் ‘கை’ என்ற அளவும் 4 அங்குலம்தான் என்பதால் இதை நினைவில் வைப்பது எளிது. உள்ளங்கையைப் படுக்கவைத்துப் பார்த்தால் அளவு தவறிவிடும். சுண்டுவிரல் பட்டையிலும் ஆள்காட்டி விரல் வயிற்றிலும் படும்படி கையை நிமிர்த்தி நுழைத்துப் பார்க்க வேண்டும். குளிர்காலம் முதிர முதிரக் குதிரை மெலிவதுண்டு. அக்டோபரில் சரியாக இருந்த பட்டை பிப்ரவரியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

வயிற்றுப் பட்டையைப் பூட்டும் தகடு, ஒரு துளைக்குள் நுழைத்துத் திருப்பினால் நிற்கும் வகையைச் சேர்ந்தது. பட்டை இழுவையில் இருக்கும்வரை அது கழலாது. தளர்ந்தால் தானாகத் திரும்பிக் கழன்றுவிடும். அப்போது அந்த இரும்பு நுனி குதிரை நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் காலில் அடித்துக்கொண்டே இருக்கும். தகட்டின் கழுத்தில் ஒரு சிறிய ரப்பர் வளையத்தை மாட்டி வைத்தால் அது திரும்பாமல் நிற்கும். காசே இல்லாத இந்த வேலையைப் பலர் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

தொடைப் பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் போட வேண்டும். இடது பட்டையை இரு தொடைகளுக்கும் நடுவே கொண்டுவந்து இடப்பக்க வளையத்தில் மாட்டிய பிறகு, வலது பட்டையை அந்த இடது பட்டையின் வளைவுக்குள் விட்டு எடுத்து வலப்பக்கத்தில் மாட்டுங்கள். இப்படிக் கோத்தால் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, உள்தொடையின் மெல்லிய தோலில் படாமல் நிற்கும். இங்கும் தொடைக்கும் பட்டைக்கும் ஒரு கை இடைவெளி போதும். பின்கால் மூட்டை நோக்கி இறங்கித் தொங்கினால் படுத்து எழும்போது கால் நுழைந்துவிடும். எலாஸ்டிக் பட்டையாக இருந்தால் மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இழுத்த நீளத்திலேயே நின்றுவிட்டால் அதை மாற்றிவிட வேண்டும், முடிச்சுப் போட்டுக் குறுக்கக் கூடாது. முடிச்சு நாள் முழுவதும் ஒரே இடத்தில் உரசிப் புண்ணாக்கும். பெண் குதிரைகளின் பட்டை சிறுநீரில் நனைந்து காய்ந்து விறைத்துப்போவதால், அதை அடிக்கடி வெந்நீரில் அலசிக் காயவைக்க வேண்டும்.

கொக்கியின் வாய் எப்போதும் குதிரையின் உடலை நோக்கியே இருக்க வேண்டும். இதை நான் கற்ற விதம் கசப்பானது. ஜனவரி மாதத்துக் காலை ஒன்றில் அவசரமாக ஒரு குதிரையின் மார்புக் கொக்கியை வாய் வெளிப்புறம் இருக்கும்படி மாட்டிவிட்டேன். அதற்கு ஒரு தோழி உண்டு, சாம்பல் நிற மட்டக்குதிரை. இரண்டும் கழுத்தோடு கழுத்து வைத்து ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும். அன்று மட்டக்குதிரையின் மூக்கு ஓரம் அந்தக் கொக்கியின் திறப்பில் சிக்கியது. அது தலையை உதறிய வேகத்தில் நாசியின் விளிம்பு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. பித்தளைக் கொக்கியின் சுருளில் ரத்தத்தோடு ஒட்டியிருந்த நாலைந்து சாம்பல் மயிர்களை நான் மறக்கவில்லை. கண்ணிமையும் இப்படியே கிழியும். வாளி, வேலி, மற்ற குதிரையின் தலைக்கயிறு என எதிலும் மாட்டாதிருக்க, சுருள்கம்பி வைத்த கொக்கிகள் அனைத்தையும் உட்புறம் திருப்பியே மாட்டுங்கள்.

மார்புப் பட்டையைக் குதிரை தலை நிமிர்ந்து நிற்கும்போது பார்ப்பது போதாது. கீழே ஒரு பிடி வைக்கோலைப் போட்டுத் தலையைத் தாழ்த்தவைத்து, பட்டைக்கு உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கை சிக்கினால் அது மேயும் ஒவ்வொரு நிமிடமும் தோளை அழுத்துகிறது என்று பொருள். மார்பின் நடுவிலிருந்து பின்தொடையின் பின்முனை வரை அளந்து, அந்த அளவுக்குப் போர்வை வாங்கினால் இத்தொல்லை பெரும்பாலும் வராது. பெரிய போர்வையை வாங்கிப் பட்டைகளால் இறுக்கிச் சமாளிப்பது தவறு. அது ஒரு பக்கமாகச் சரியும், சரிந்த பட்டை காலுக்குள் போகும்.

போர்த்தும்போது, தொங்கும் பட்டைகள் எல்லாவற்றையும் முதலில் மேலே மடித்து வளையத்தில் மாட்டிவிடுங்கள். வீசியெறியும் பட்டையின் இரும்பு நுனி குதிரையின் முழங்காலிலும், உங்கள் பல்லிலும் படக்கூடும். போர்வையைக் கழுத்துப் பக்கம் சற்று முன்னால் வைத்து, முடியின் போக்கிலேயே பின்னுக்கு இழுத்து, மார்பு, வயிறு, தொடை என்ற வரிசையில் மாட்டுங்கள். கழற்றுவது தலைகீழ் வரிசையில். தொடைப் பட்டை மாட்டியிருக்க மார்பை மட்டும் அவிழ்த்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்து மிக ஆபத்தான பிழை: குதிரை அந்நேரம் மிரண்டால் போர்வை பின்னுக்குச் சரிந்து பின்னங்கால்களைச் சுற்றிக்கொள்ளும், சுற்றச் சுற்ற அது இன்னும் உதைக்கும்.

நாள்தோறும் ஒருமுறை போர்வையை முழுவதும் கழற்றி, கழுத்தும் முதுகும் சேரும் மேடு, தோள், உள்தொடை ஆகிய மூன்றையும் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் கையால் தடவிப் பார்க்க வேண்டும். சூடோ, ஈரக்கசிவோ, உடைந்த முடியோ தென்பட்டால் புண் வரப்போகிறது. அடர்ந்த குளிர்கால முடி வளர்ந்த, நல்ல உடல்நிலையுள்ள மலைநாட்டு மட்டக்குதிரைகளுக்கு ஒதுங்க இடமும் வைக்கோலும் இருந்தால் பல நாட்கள் போர்வையே தேவைப்படாது; தேவையில்லாத நாளில் போர்த்தாமல் விடுவதும் காயம் தடுக்கும் வழிதான்.

எவ்வளவு பார்த்தாலும் ஒரு நாள் கால் மாட்டிக்கொள்ளலாம். பின்புறமிருந்து ஓடாதீர்கள், வயிற்றின் கீழே குனியாதீர்கள். தோளருகே நின்று மெல்லப் பேசிக்கொண்டே, விலாவின் பக்கத்தில் மேலேயுள்ள பகுதியில் பட்டையை அறுங்கள். போர்வையின் விலையைப் பற்றி அப்போது நினைக்க வேண்டாம். கிழிந்த இமையையோ நாசியையோ வெட்டி எறியாமல் ஈரமான சுத்தத் துணியை வைத்துக்கொண்டு, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். மூட்டுக்கு அருகே உள்ள சிறு துளைக் காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே மூட்டையே கெடுத்துவிடும். குதிரைகளை டெட்டனஸ் எளிதில் தாக்கும் என்பதால் அதற்கான தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்ற தேதியை மருத்துவர் முதலில் கேட்பார். அந்தத் தேதியை ஓர் அட்டையில் எழுதி, முனை மழுங்கிய ஒரு கத்தியோடு லாயக் கதவின் உட்புறத்தில் கை எட்டும் உயரத்தில் மாட்டி வையுங்கள்.